திருப்பழுவூரும் மலையாளரும்

காவிரி வடகரைத் தலங்களுள் ஒன்றாகிய திருப்பழுவூர், கீழப்பழுவூர் என்னும் பெயரோடு அரியலூருக்குத் தெற்கே தஞ்சை செல்லும் பெருவழியில் உள்ளது. வடகரைத் தலமென்று வழங்கினும் ஆற்றங்கரை ஊரன்று; கொள்ளிடத்திற்கும் வடக்கே, சுண்ணாம்புக்கல் மலிந்த மேட்டுநிலஞ் சார்ந்தது. பழு என்பது ஆலமரம். திருக்கோயில் ஆலந்துறை, இறைவர் வடமூலநாதர். வடம் என்பதும் ஆலுக்குரிய வடசொல்லேயாதலின், ஒரு மரமே மூன்று சொல்லால் ஊர்க்கும் கோயிற்கும் இறைவர்க்கும் பெயராயிற்று. அம்மை அருந்தவநாயகி.

இத்தலத்துக்குரிய திருஞானசம்பந்தர் பதிகம் இரண்டாந் திருமுறையிலுள்ளது. அதன்கண் மலையாளர் தொழுதேத்தும் ஊரென்று பிள்ளையார் அருளிச்செய்தார். சோழநாட்டின் நடுவே மலையாளர் யாவர்? மலைவாணர் எனப் பொருள்கொள்வாரும் உளராகலாம். அது பொருந்தாது. திருக்கடைக்காப்பில் அவரை அந்தணரென்றே பிள்ளையார் விதந்தோதுகின்றனர். ஆகவே, அவர் மலைநாட்டினின்று போந்து குடியேறிய மறையோரே என்க.

இதற்குத் துணையாவன பிற்காலத்துச் சாசனங்கள். சிறுபழுவூர் என்று கல்வெட்டுக்கள் கூறும் இவ்வூரையும், அதற்கு அணித்தாயுள்ள பெரும்பழுவூராகிய மேலப்பழுவூரையும் ஆண்ட குறுநில மன்னர் பழுவேட்டரையர். 1950 முதல் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' என்னுங் கதையால் மட்டுமே இப்பெயரை அறிந்தார் பலர். கதை வேறு, கல் வேறு. சுந்தரசோழரின் அன்பிற் செப்பேடு, முதற் பராந்தகர் மணந்த பழுவேட்டரையர் மகளைக் கேரள அரசன் மகளென்றே குறிக்கின்றது. அரிஞ்சயர் அவ்வம்மையார் வயிற்றுதித்தவர். கீழையூரிலுள்ள அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்னும் இரட்டைக்கோயில் இம்மரபினரது திருப்பணியே; அதன் சிற்பங்களைக் கண்டார் எளிதில் மறவார்.

எனினும், பதிகத்தைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டிலேயே பழுவேட்டரையர் இங்கு ஆண்டனர் எனத் துணிதல் தகாது. அவர் கல்வெட்டுக்கள் முதலாம் ஆதித்தர் காலந்தொட்டே கிடைப்பன; இடைப்பட்டது இருநூறாண்டுக்கு மேல். மறையோர் முன்னர் வந்தனர் என்பதே பதிகத்தாற் பெறப்படுவது. அரசர் அவரொடு வந்தனரோ, பின்னர் வந்தனரோ, சான்றில்லை. பரசுராமர் தாயைக் கொன்ற பழி நீங்க இங்கு வழிபட்டனர் என்னுந் தலவரலாறும் ஈண்டு நோக்கற்பாலது. மலைநாட்டைக் கடலினின்று மீட்டவராக அந்நாட்டார் போற்றுபவரும் அவரே. குடியேறிய மறையோர் தம் நாட்டுக் கதையை உடன்கொணர்ந்தனர் போலும். இஃது எம் கருத்தளவே.

பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் பழுவேட்டரையர் பெயர் மறைகின்றது. ஆயினும் அவர் படைஞன் ஒருவன் பெயர் ஆலந்துறைக் கல்லில் நிற்கின்றது. பராந்தகர் வேளூரிற் பாண்டியனோடும் ஈழத்தரசனோடும் பொருத போரில் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் படையினனாய் நின்ற பரதூர் நக்கன் சாத்தன் என்பான், அவ்வெற்றியின் பொருட்டு ஆலந்துறை மகாதேவர்க்குத் திருவிளக்கு வைத்தான். அரசரது பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய கி.பி. 919.