வாரம் ஒரு நாள் ஓட்ட ஒரு பழைய கார்: மும்பையில் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

நீங்கள் செம்பூரில் இருக்கிறீர்கள். ஆபீஸுக்கு லோக்கல் ட்ரெயின் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மாதுங்கா ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும், தாராவியில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு எப்பவாவது ஒரு நடை, அர்த்த ராத்திரியில் யாருக்காவது முடியலைன்னா சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். "ரெண்டு லட்சத்துக்கு ஒரு பழைய ஆல்டோ வாங்கிப் போட்டா என்ன?" என்ற கேள்வி இப்படித்தான் வருகிறது.

வாங்கலாம். ஆனால் முதலில் ஒரு கணக்கு.

டாக்ஸியா, காரா?

2 லட்சம் கொடுத்து வாங்கி, 5 வருஷம் கழித்து 80 ஆயிரத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 24,000 ரூபாய் தேய்மானம். இன்சூரன்ஸ் 6,000, சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து 12,000, பார்க்கிங் மாதம் 2,000 என்றால் 24,000. ஆக, வண்டி நகராமல் நின்றாலே வருஷத்துக்கு 66,000 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 104 ரூபாய், மைலேஜ் 14 என்றால் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய் அளவில் வரும். வருஷம் 2,500 கி.மீ. ஓட்டினால், ஒரு கிலோமீட்டருக்கு உங்களுக்கு ஆகும் செலவு சுமார் 34 ரூபாய்.

கருப்பு-மஞ்சள் டாக்ஸிக்கு 2025 பிப்ரவரி 1 முதல் கிலோமீட்டருக்கு 20.66 ரூபாய். அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 5,000 கி.மீ. ஓட்டினால்தான் சொந்தக் கார் டாக்ஸியோடு சமமாகும். பார்க்கிங் இலவசமாகக் கிடைத்தால் இந்த எல்லை 3,200 கி.மீட்டராகக் குறைகிறது. இவை என் அனுமானங்கள்தான், உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. ஆனால் எப்படிப் போட்டாலும் முடிவை மாற்றுவது காரின் விலை இல்லை, பார்க்கிங்தான். மாதுங்காவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் காருக்கென்று இடமே கிடையாது. தாராவியில் சந்துக்குள் வீடு என்றால் 60 அடி ரோட்டிலோ 90 அடி ரோட்டிலோதான் நிறுத்த வேண்டியிருக்கும். சொசைட்டியில் எழுத்துபூர்வமாக இடம் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

கணக்கு இடித்தாலும், ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி வாசலில் நிற்கிற நிம்மதிக்கு விலை போட முடியாது என்பீர்கள். நியாயம்தான். அப்போ எதை வாங்குவது?

சின்ன பெட்ரோல் கார், வேற எதுவும் வேண்டாம்

ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ மாதிரி எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற வண்டிகள் போதும். டீசலைத் தவிருங்க. செம்பூரிலிருந்து மாதுங்கா போகும் தூரத்தில் எஞ்சின் முழுசாகச் சூடே ஆகாது. பிஎஸ்-6 டீசலில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். செவர்லே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல கார்கள்தான், ஆனா ஒரு பம்பருக்காக வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாரா?

2025 செப்டம்பர் 22 முதல் புதிய சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய ஷோரூம் விலையை வைத்துப் பேரம் பேசுகிறவரிடம் இதை ஞாபகப்படுத்துங்க.

"முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. மீட்டர் உண்மையாகவே இருந்தாலும், சயான் சிக்னலில் ஊர்ந்த முப்பதாயிரமும் ஹைவேயில் போன முப்பதாயிரமும் கிளட்ச்சுக்கு ஒன்றல்ல. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்க: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நல்லா இருந்தாலும் ஆறேழு வருஷ டயரை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்க.

மழைத் தண்ணீர்

இந்த ஊரில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை இது. 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அவ்வளவு வேண்டாம், ஒரு நல்ல மழைக்கே ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், சயான் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும். மூழ்கி எழுந்த காரைக் கழுவி, சென்ட் அடித்து விற்பார்கள். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்க, அடியில் சேற்றுக் கறை இருக்கும். மிதியடியைத் தூக்கி முகருங்க. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும், சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தையும் பாருங்க. துரு இருந்தால் பேச்சே வேண்டாம், நடையைக் கட்டுங்க. எந்த விலைக்கும் அது லாபமில்லை. வயரிங் ஒவ்வொன்றாகச் சாகும்.

வாங்கிய பிறகும், தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீங்க. எஞ்சினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால் சாதாரண பாலிசி கொடுக்காது. அதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் வேண்டும்.

பேப்பர் வேலை

தனியார் காரின் பதிவு 15 வருஷம். அதன் பிறகு ஃபிட்னஸ் சோதனை, 5,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி. இத்தனையும் கட்டினால் 5 வருஷம் நீட்டிப்பு. 14 வயசு கார் ஏன் இவ்வளவு மலிவு என்பதற்கு விடை பெரும்பாலும் ஆர்சியில் பதிவு முடியும் தேதியில் இருக்கும். டெல்லியில் இருப்பது போன்ற வயதுத் தடை மும்பையில் இல்லை. ஆனால் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக விலக்குவது பற்றி ஆராயும்படி 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லி, மாநில அரசும் குழு அமைத்தது. பத்து வருஷத் திட்டம் போடாதீங்க.

2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டியிருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் பெயர் மாற்றம் ஆர்டிஓவில் தடைபடும். காருக்கு 745 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், விற்பவரே மாட்டித் தரட்டும்.

நம்ம ஆட்களுக்கென்றே ஒரு ஆசை உண்டு: "திருநெல்வேலியில மாமா வண்டி சும்மா நிக்குது, ஓட்டிட்டு வந்துடலாமே." தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆகணும். ஊர் ஆர்டிஓவில் என்ஓசி (ஃபாரம் 28), வண்டியின் வயதுக்கேற்ப மகாராஷ்டிர வரி, பிறகு அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைச்சல். மாமா இலவசமாகவே கொடுத்தாலும் இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்துட்டு சரின்னு சொல்லுங்க.

இங்கேயே வாங்கினால் ஃபாரம் 29, ஃபாரம் 30. வாங்குபவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவில் விண்ணப்பிக்கணும். செம்பூர் முகவரிக்கு அது வடாலா, எம்ஹெச்-03. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்க பெயருக்கு மாற்றச் சொல்லுங்க, இல்லாவிட்டால் உங்க வண்டியின் சேதத்துக்கான கிளெய்ம் சிக்கலாகும். விற்பவரும் அக்கறை காட்ட வேண்டிய விஷயம் இது: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இதைச் சொன்னால் இழுத்தடிக்கிறவர்கூட கையெழுத்துப் போட வருவார்.

கடன் பாக்கி இருக்கிறதா, செலான் நிலுவை எவ்வளவு என்பதை பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்க, தரகர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து, ஒரு பத்தாயிரத்தையாவது ஆர்சி உங்க பெயரில் வரும்வரை கையில் பிடித்து வையுங்க.