லென்ஸ் எட்டிப் பிடிக்கும், பெயரை யார் கேட்பது?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேருக்குக் கேமரா தூக்கும்போது நமக்குள்ள ஒரு வாக்குவாதம்: 135 மி.மீ. பிரைமா, 70-200 ஜூமா? நெரிசலில் நகர முடியாதபோது, ஐந்து தேரையும் நின்ற இடத்திலிருந்தே பிடிக்க ஜூம்தான் தோது. இருட்டிவிட்டால் பிரைம்: எஃப்/2 லென்ஸ், எஃப்/4 ஜூமைவிட நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும்.

இந்த வசதியெல்லாம் பிறகு வந்ததுதான். டெலிபோட்டோ லென்ஸ் 1891 அளவில் வந்தது. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூமான ஃபோக்ட்லேண்டர் ஜூமார் 1959இல் வந்தது. டெலிபோட்டோ வருவதற்கு முன் முகம் தெளிவாக வேண்டுமென்றால் பெரும்பாலும் கிட்டப் போகணும்.

1875இல் இலங்கைக்குக் குடிவந்த ஜூலியா மார்கரெட் கேமரனும் கிட்ட நின்றுதான் எடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின் படங்களில் பெயர் இருக்கிறது. இங்கே அவர் முன் நின்ற கிராமத்தவர், தொழிலாளர் பலருக்குப் பெயரே இல்லை.

கிட்ட நின்றால் மட்டும் மரியாதை வந்துவிடாது என்பது நமக்கு இதில் புரிகிறது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்த நம் முன்னோரில் எத்தனை பேரின் பெயர் நம் கையில் இருக்கிறது? 2023இல் அந்த 200 வருஷத்தை நினைத்து நம் சனங்கள் அதே வழியில் மாத்தளைக்கு நடந்தார்கள்.

லென்ஸைக் காசும் வெளிச்சமும் பார்த்து வாங்குவோம். கொழுந்தெடுக்கும் அக்காவை 200 மி.மீ.இல் தூரத்திலிருந்து எடுத்தாலும், நடந்துபோய்ப் படத்தைக் காட்டுவோம். அவர் சம்மதித்தால் பெயரையும் எழுதி வைப்போம்.