அம்பரப்பர் மலையடியில் ஓர் அச்சம்

2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போடி மேற்கு மலை அடிவாரத்துக் கிளைப்பங்கு ஒன்றில் திருப்பலி முடித்து வெளியே வந்தேன். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாசலில் காத்திருந்து என்னை நிறுத்தினார். "சாமி, அந்த நியூட்ரினோங்கிறது ராத்திரியிலயும் வருமா?" என்று கேட்டார்.

அந்த ஜனவரியில்தான் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. செலவு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். தேவாரம் முதல் போடி வரை தேநீர்க் கடைகளில் வேறு பேச்சு இல்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற எனக்கு இயற்பியலில் பட்டறிவு கிடையாது. ஆயினும் மக்கள் கேட்பார்களே என்று சில நூல்களைப் புரட்டி வைத்திருந்தேன். அந்தப் புதுப் படிப்பின் உற்சாகத்தில் விடையளித்தேன். "வரும் பாட்டி. கதிரவனிலிருந்து எந்நேரமும் வருகிறது. நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தை நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி துகள்கள் கடந்து போகின்றன. பூமியாலும் அவற்றைத் தடுக்க முடியாது. பகலில் தலைக்கு மேலிருந்து வருபவை, இரவில் பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருகின்றன. நாம் படுத்திருக்கும் பாயையும் நம்மையும் கடந்து வானத்துக்குப் போய்விடும். ஒரு தீங்கும் இல்லை."

சொன்னவை யாவும் அறிவியல் ஒப்புக்கொண்ட உண்மைகள். பாட்டி தலையசைத்துப் போனார். அச்சத்தைப் போக்கிவிட்டதாக நிறைவடைந்தேன்.

இரு வாரங்களுக்குப் பின் அவருடைய மகன் வந்தார். பிறந்தது முதல் தரையில் பாய் விரித்துப் படுத்த அம்மா, இப்போது கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றார். அதோடு நிற்கவில்லை. துகளைப் பிடிப்பதற்கு மலைக்குள் 50,000 டன் இரும்பு வைக்கப்போகிறார்கள் என்று யாரோ சொல்ல, பாட்டி பழைய தகரத் தகடு ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார். இரும்பு இருக்கும் இடத்தில் தீயது அண்டாது என்பது நம் கிராமங்களின் பழைய நம்பிக்கைதானே. "நீங்க சொன்ன பெறகுதான் சாமி இப்பிடி" என்று மகன் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

இத்தகைய விந்தையான அச்சங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹிப்போகிரட்டீசின் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவக் குறிப்புகளில் இருவரைப் பற்றிய செய்தி வருகிறது. நிக்கானோர் என்பவர் இரவு விருந்தில் குழலூதும் பெண்ணின் இசை தொடங்கியதுமே நடுநடுங்கிப் போவார். அதே குழலோசையைப் பகலில் கேட்டால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. தெமோக்கிளேசு என்பவரால் பாலத்தின் மீதோ செங்குத்தான சரிவின் ஓரத்திலோ நடக்க இயலாது. ஆழமற்ற வாய்க்காலின் கரையிலும் நடக்க மாட்டார். ஆனால் அந்த வாய்க்காலுக்குள் இறங்கி நடப்பதில் அவருக்குத் தடையே இல்லை. இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எழுதிய மருத்துவர் மீது எனக்கு மதிப்புப் பெருகுகிறது. அவர் நகைக்கவில்லை. எங்கே அச்சம் வருகிறது, எங்கே வரவில்லை என்று மட்டும் பார்த்து எழுதி வைத்தார்.

பிரான்சு நாட்டு மன்னர் ஆறாம் சார்லசு (1422-இல் இறந்தவர்) தம் உடல் கண்ணாடியால் ஆனது என்று நம்பினார். யாரேனும் தொட்டால் நொறுங்கிவிடுவோம் என்று அஞ்சி, ஆடைக்குள் இரும்புக் கம்பிகளை வைத்துத் தைத்துக்கொண்டார். இச்செய்தியைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தவர் ஒரு திருத்தந்தை, இரண்டாம் பயஸ். எங்கள் பாட்டியின் தகரத் தகட்டை அந்த மன்னரின் கம்பிகளோடு சேர்த்து எண்ணிப் பார்த்தேன். இடையே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கடந்திருக்கின்றன. இரும்பு மாறவில்லை.

திருச்சபையின் மாபெரும் அறிஞரான புனித தோமா அக்குவினாரும் இதற்கு விலக்கல்லர். அவர் குழந்தையாக இருந்தபோது, உடனிருந்த சின்னஞ்சிறு தங்கை மின்னல் தாக்கி இறந்தாள் என்றும், அதனால் இடி மின்னலின்போது அவர் வாழ்நாளெல்லாம் கலங்கினார் என்றும் மரபுச் செய்தி சொல்கிறது. அச்சம் என்றால் என்ன, அதன் காரணமும் விளைவும் எவை என்று தம் இறையியல் தொகுப்பில் பகுத்து எழுதியவர் அவர். அவ்வளவு எழுதியும் இடி முழங்கும்போது அவர் உள்ளம் நடுங்கத்தான் செய்தது. என் இளமையில் இடி இடிக்கும்போது குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையை எரித்துச் செபம் சொன்ன மூதாட்டிகள் எங்கள் ஊரில் பலர் இருந்தனர். அடுத்த தெருவிலோ 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்பார்கள். தங்கையை இழந்த தோமாவைப் பற்றி அறிந்திருந்தால் அந்த மூதாட்டிகளைக் குருமட மாணவனாகிய நான் கேலி செய்திருக்க மாட்டேன்.

நம் தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்கிறது. வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர். நியூட்ரினோவை இந்நான்கில் எதில் சேர்ப்பது?

முதலில் அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930 டிசம்பரில் வோல்ஃப்காங் பவுலி, கணக்கில் விழுந்த ஆற்றல் இழப்பை ஈடுகட்ட இப்படியொரு துகள் இருக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதினார். 1956-இல்தான் அது உண்மையில் கண்டறியப்பட்டது. இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. கோலார் தங்க வயலின் ஆழ்சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் பதிவு செய்தார்கள். அந்த மரபின் தொடர்ச்சியாகத் திட்டமிடப்பட்டதே பொட்டிப்புரம். நீலகிரியின் சிங்காரா என்ற இடம் முதலில் தேர்வு செய்யப்பட்டு, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் மறுக்கப்பட்டது. பின்னரே போடி மேற்கு மலை தேர்வாயிற்று. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை; அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட குகை; எப்பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. விண்ணிலிருந்து வரும் பிற கதிர்களை வடிகட்டவே அவ்வளவு பாறை தேவைப்படுகிறது. ஊராரோ வேறு விதமாகக் கேட்டார்கள்: "ஒண்ணும் செய்யாதுன்னா எதுக்கு மலைக்குள்ள கொண்டுபோய் வைக்கிறாக?" கேள்வியில் பிழை இருந்ததாக நான் கருதவில்லை.

அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள் என்றனர் சிலர். கதிர்வீச்சால் பயிர் கருகும் என்றனர் வேறு சிலர். நியூட்ரினோவைப் பொறுத்தவரை இவ்வச்சங்களுக்கு அடிப்படை இல்லை என்று அறிவியலாளர் பலமுறை விளக்கினர். மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போகும், அம்பரப்பரை வணங்கச் செல்லும் வழி அடைபடும், மலைக்குள் வைக்கும் வெடி அணைகளை அசைக்கும், நீர் குறையும் என்ற அச்சங்களும் இருந்தன. இவற்றில் சிலவற்றை நீதிமன்றங்களும் செவிமடுத்துக் கேட்டன. 2015 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பணிகளை நிறுத்தி வைத்தது. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சுட்டி, 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இம்மலையில் திட்டம் வேண்டாம் என்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. குகை தோண்டப்படவில்லை.

2018 மார்ச் 31 அன்று மதுரையில் நியூட்ரினோ எதிர்ப்பு நடைபயணம் தொடங்கிய இடத்தில் தொண்டர் ஒருவர் தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டு பின்னர் இறந்தார். அச்சத்தை வேடிக்கைப் பொருளாகப் பேச முனைவோர் இச்செய்தியையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

கம்பம் பள்ளத்தாக்கு அச்சத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்ட பகுதி அன்று. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. அணையைக் கட்டிய ஆண்டுகளில் மலைக்காய்ச்சலுக்கும் விபத்துக்கும் இரையான தொழிலாளர் பலர். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வி நகருக்கு மேலிருந்த அணை உடைந்து பெரும் உயிரிழப்பு நேர்ந்ததும், கேரள மக்கள் முல்லைப் பெரியாற்றை நினைத்து அஞ்சத் தொடங்கினர். நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை வலுவாகவே உள்ளது, 142 அடி வரை தேக்கலாம் என்று 2006-இலும் மீண்டும் 2014 மே மாதத்திலும் உச்சநீதிமன்றம் கூறிற்று. தீர்ப்புக்குப் பின்னும் அணைக்குக் கீழே வாழும் இடுக்கி மாவட்டத்து மக்கள் மழைக்காலத்தில் நிம்மதியாக உறங்கினார்களா? நீர் வராமல் போய்விடுமோ என்ற நம் பக்கத்து அச்சமும் ஓயவில்லை. 2011-ஆம் ஆண்டு இறுதியில் கம்பம், கூடலூர் சாலைகளில் மக்கள் திரண்டதைப் பார்த்தவர்கள் அறிவர். ஒரே அணை. மேற்கே நீர் வந்துவிடுமோ என்றும் கிழக்கே வராதோ என்றும் அஞ்சினார்கள்.

இவ்விடத்தில் புனித இஞ்ஞாசியாரிடம் வருகிறேன். 1522-இல் மன்ரேசாவில் அவர் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களை முழுமையாக அறிக்கையிட்டோமா என்ற ஐயம் அவரை மாதக்கணக்கில் வதைத்தது. மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தும் தணியவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட எழுந்தது என்பதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தீயில் வெந்தவர் என்பதால் ஆன்மீகப் பயிற்சிகளில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒருவன் வழியில் சிலுவைபோல் குறுக்காகக் கிடந்த இரண்டு வைக்கோல் துரும்புகளைத் தெரியாமல் மிதித்துவிட்டு, பாவம் செய்துவிட்டேன் என்று முடிவு கட்டுகிறான். அது தவறான தீர்ப்பு. மிதித்த பின்னர், பாவம்தானோ, இல்லையோ என்று வெளியிலிருந்து வருவதுபோல் ஓர் எண்ணம் வந்து அவனை உலுக்கினால் அது வேறு. அதைத்தான் ஐயுறு மனச்சான்று என்கிறார்.

தவறான தீர்ப்பு, சரியான செய்தியைச் சொன்னால் நீங்கும். உலுக்கும் எண்ணமோ அதே செய்தியைத் தனக்கு உணவாக்கிக்கொள்ளும். பாட்டியின் கேள்வியை நான் முதல் வகையில் சேர்த்து, 6,500 கோடி என்று கணக்குச் சொன்னேன். குருமடத்தில் இப்பகுதியைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான்!

அடுத்த மாதம் சென்றபோது அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். நியூட்ரினோ பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "பாட்டி, எதை நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் வெற்றிலையை இடித்துக்கொண்டிருந்தவர் கிணற்றுக் கதை ஒன்றைச் சொன்னார். அவருடைய சிறுவயதில் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்களாம். பாறையில் துளையிட்டு மருந்தைக் கெட்டித்து, திரியைக் கொளுத்தும் முன் ஒருவர் மேட்டில் நின்று, "வேட்டு, வேட்டு!" என்று கத்துவது வழக்கம். அந்தக் குரல் கேட்டால் ஆடு மேய்ப்பவர்கள் விலகிப் போவார்கள். ஒருநாள் குரல் வரவில்லை. அவருடைய தம்பி அந்தப் பக்கம் ஆடு தேடிப் போயிருந்தான்.

"இதுக்கு யாரு சாமி சத்தம் கொடுப்பாக? சத்தம் கொடுத்தா வெலகிக்கலாம். இது பாட்டுக்கு வந்துட்டுப் போயிரும்னு சொல்றீக" என்றார்.

அவருடைய அச்சத்துக்கு இதுதான் வேர் என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. கேட்கும் வரை எனக்குத் தெரியாது என்பதை மட்டுமே சொல்ல முடியும். தொல்காப்பியத்தின் நான்காம் களத்தை அன்று நினைத்துக்கொண்டேன். பாட்டி அஞ்சியது அந்தத் துகளுக்குத்தானா, மேட்டில் நின்று குரல் கொடுக்க மறந்துவிடக்கூடிய பெரிய மனிதர்களுக்கா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

அதன்பின் அந்தத் திண்ணைக்குப் பலமுறை சென்றேன். தம்பியின் பெயரைச் சொல்லித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுத்தார், ஆண்டுதோறும் ஒப்புக்கொடுத்தோம். கட்டிலையோ தகரத்தையோ எடுக்கச் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, முதுகு வலிக்கிறது என்று அவராகவே பாய்க்குத் திரும்பினார். தகரத்தை மட்டும் பாய்க்கு அடியில் கொஞ்சநாள் வைத்திருந்ததாக மகன் சொன்னார்.

பாட்டி இப்போது இல்லை. அந்தத் தகரம் அவர்கள் வீட்டு ஆட்டுக் கொட்டிலின் கூரையில் இருக்கிறது.