தண்டரைக்காரர் தொட்ட ஹில்பர்ட் வெளி

கட்டுமரக் காலத்தில் எங்கள் நெம்மேலிக் கரை மீனவர்கள் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம், கோயில் கோபுரம், பனந்தோப்பு என்று பார்த்துத்தான் கடலில் இடம் குறித்தார்கள். இரண்டு அடையாளமே போதும். மூன்றாவதும் இருந்தால், பனியில் ஒன்று மறைந்தாலும் இடம் தப்பாது. கணிதத்தில் ‘ஃபிரேம்’ என்பதும் இப்படித்தான். தேவைக்கு மேல் சில திசையன்களை வைத்துக்கொண்டு ஒரு சார்பை அளப்பது. அந்த அளவுகளிலிருந்தே அதைத் திரும்பக் கட்டுவது. 1952-இல் டஃபினும் ஷேஃபரும் இதை வகுத்தார்கள்.

இப்படி அளக்கும் சார்புகள் குடியிருக்கும் இடம்தான் ஹில்பர்ட் வெளி. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய ஹில்பர்ட் வெளிகளைப் பற்றி 1960களில் எழுதியவர் அலெக்ஸ் கிராஸ்மன். அவரே 1986-இல் தோபஷி, மேயருடன் சேர்ந்து ஃபிரேமுக்குப் புது உயிர் கொடுத்தார். இது பாடப்புத்தகத்தில் கிடைக்கும். கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்திய நான் இங்கே சொல்ல விரும்புவது நம் ஊர்ப் பக்கத்துக் கதை.

எம். எஸ். நரசிம்மன் 1932-இல் அன்றைய வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்தவர். பாரிஸில் இருந்தபோது ஜப்பானியர் கோத்தாகேயுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1962-இல் வெளிவந்தது. கெழுக்கள் அடுக்குத் தொடராக விரியக்கூடிய ஒரு நீள்வட்ட வகை வகைக்கெழுச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு சார்பின்மேல் ஒருமுறை, இருமுறை, மும்முறை என்று செலுத்திக்கொண்டே போங்கள். வரைபடத்தில் ஒரு மடிப்பு இருந்தால் அந்தச் சார்பு ஓரிரு சுற்றிலேயே கழன்றுவிடும். சுற்றுக்குச் சுற்று வழவழப்பானவை மட்டுமே தங்கும். வெளிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கும். எத்தனை சுற்று போனாலும் விளைவின் அளவு ஒரு குறிப்பிட்ட காரணீய வேகத்தை மீறாவிட்டால், அந்தச் சார்பு ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அடுக்குத் தொடராக விரியும். இந்த வெளிகளின் அடுக்கில் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன தேற்றங்கள் குறைவு. சி. எஸ். சேஷாத்ரியுடன் சேர்ந்து அவர் தந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தின் புகழில் இது மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

நரசிம்மனின் கணிதத்துக்கு விதை போட்டவர் பாதிரியார் ரசீன். பாரிஸ் கணிதவியலர் எலி கார்த்தானின் மாணவர். 1937-இல் திருச்சிக்கு வந்து, 1939 முதல் சென்னை லயோலா கல்லூரியில் இருந்தார். பழைய தொடர்களிலும் தொகையீடுகளிலும் ஊறியிருந்த சென்னைக்குப் பாரிஸின் புதிய கணிதத்தைக் கொண்டுவந்தார். நரசிம்மன், சேஷாத்ரி இருவரும் அவரிடம் படித்தவர்கள். அவர் எழுதிய கட்டுரைகளைவிட இந்த மாணவர்களே அவருடைய பெரிய பணி என்பேன்.

சி. எஸ். சேஷாத்ரி செங்கல்பட்டில் பள்ளிப்படிப்பு முடித்தவர். நரசிம்மனும் அவரும் 1953-இல் ஒன்றாக பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்றைய சென்னைக் கணிதக் கழகம். 2005 முதல் சிறுசேரியில் இயங்குகிறது.

நெம்மேலியிலிருந்து சிறுசேரி வெகுதூரமில்லை. இந்தப் பக்கத்துக் கணித ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை ஒருமுறையாவது அங்கே அழைத்துப் போங்கள். போகும் வழியில் ரசீன் பெயரையும் தண்டரை என்ற ஊரையும் சொல்லுங்கள்.