வந்து போகும் பழுது: ஹுன்னஸ்கிரிய மலைப்பாதையும் பழைய பிக்கப்பின் மின்சுற்றும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் ஏ26 பாதையில், தெல்தெனியவுக்கும் உடதும்பரவுக்கும் இடையில் உள்ள ஹுன்னஸ்கிரிய, நக்கிள்ஸ் மலைத்தொடரின் உட்கிராமங்களுக்கு வாயிலாக விளங்கும் சந்தியாகும். இங்கிருந்து பிரியும் கிளைப்பாதை லூலுவத்தையையும் கோபெட்ஸ் கணவாயையும் கடந்து மீமுரேக்கு இறங்க, பிரதான பாதை உடதும்பரவுக்கு அப்பால் 18 வளைவு என்று பெயர்பெற்ற இறக்கத்தின் வழியே மகியங்கனைச் சமவெளியை அடைகிறது. தென்மேற்கு, வடகீழ் ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இம்மலைகளில், தேயிலைக் கொழுந்தும் மிளகும் ஏலமும் ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் வண்டிகளை எஞ்சின் பழுதைக் காட்டிலும் அதிகமாக வாட்டிவந்தது ஈரமும் குலுக்கமும் சேர்ந்து உண்டாக்கும் மின்பழுதேயாகும். ஏற்றத்தில் மழையின்போது விளக்கு மங்கி, மறுநாள் வெயிலில் கராஜுக்கு வந்ததும் எதுவும் நடவாததுபோல் எரியும் இவ்வகைப் பழுதை இங்கு ‘வந்து போகும் பழுது’ எனலாம்; மின்சாரம் முற்றாக அறுபடாமல், ஓர் இணைப்பில் விட்டுவிட்டுத் தடைப்படுவதே அதன் இயல்பு.

இப்பழுதின் வரலாறு பிரித்தானிய வண்டிகளுடன் தொடங்குகிறது. 1948இல் அறிமுகமான லாண்ட் ரோவர், மலைநாட்டுத் தோட்டப் பாதைகளுக்கு ஏற்ற வண்டியாக நிலைபெற்றது. அதன் மின்சாதனங்கள் பேர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள். மின்சாரம் பற்றறியிலிருந்து வயர் வழியே விளக்குக்குச் சென்று, திரும்பும் வழியில் வண்டியின் உலோக உடலையே கம்பியாகப் பயன்படுத்தும் ஏற்பாட்டை ‘எர்த்’ என்பர். லாண்ட் ரோவரின் மேற்தகடுகள் அலுமினியக் கலவையாலும் அடிச்சட்டம் உருக்காலும் ஆனவை. வேறுபட்ட இரு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொடும்போது அவற்றில் ஒன்று அரிக்கப்படுவது இயற்கையாதலால், ஹுன்னஸ்கிரிய போன்ற பனிமூட்டப் பிரதேசத்தில் எர்த் இணைப்பே முதலில் தளர்ந்தது. அக்கால மாதிரிகள் பலவற்றில் இரண்டே பியூஸ்கள் இருந்தன என்பதையும், முன்விளக்குகளுக்குப் பியூஸே இருக்கவில்லை என்பதையும் சேர்த்து நோக்கினால், பழுது எந்தச் சுற்றில் என்பதைப் பியூஸ் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கைக்கு அவ்வண்டிகளில் அதிக இடமிருக்கவில்லை என்பது புலப்படும்.

1960களின் நடுப்பகுதிவரை பல பிரித்தானிய வண்டிகளில் பற்றறியின் நேர்முனையே எர்த்தாக இணைக்கப்பட்டிருந்தது. பற்றறியை மின்னேற்றும் டைனமோவின் இடத்துக்கு அல்டர்னேட்டர் வந்தபோது, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோட்டுகள் அதனுடன் வந்தன; பழைய பழக்கத்தில் நேர்முனையை எர்த்தாக்கிப் பற்றறியைத் தலைகீழாக இணைத்தால் அவை நொடியில் எரிந்துபோகும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களிலும் 1970களின் பெரும்பகுதியிலும் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்ததால், பழைய வண்டியைக் கைவிட வழியின்றி அதைத் திருத்தும் கைவினை நாடெங்கும் ஆழப்பட்டது. 1959இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வெரஹெர வேலைத்தளத்தில் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையம் முறையான கல்வியைத் தந்தது. அதற்கு வெளியே ‘பாஸ்’ என்று மரியாதையுடன் அழைக்கப்படும் கராஜ் கைவினைஞர்கள் குருகுல முறையில் தொழிலைக் கடத்தினர். பிரித்தானிய வயரிங்கில் பழுப்பு பற்றறியிலிருந்து வரும் பிரதான வயர், வெள்ளை இக்னிஷன், பச்சை பியூஸைக் கடந்த வயர், கறுப்பு எர்த் என்ற நிறமுறையைக் கற்றுக்கொண்டவருக்கு வண்டியின் பாதி வரைபடம் மனத்திலேயே இருந்தது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய பிக்கப்புகள் பெருகி வந்தன. டொயோட்டாவில் எர்த் வயர் கறுப்பல்ல, கறுப்புக் கோடிட்ட வெள்ளை. ஆகவே கற்ற நிறமுறையை மறுபடியும் கற்க நேர்ந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் டீசல் பம்பில் நிகழ்ந்தது. பழைய லாண்ட் ரோவர் டீசலை ஒரு கம்பியை இழுத்தே நிறுத்தினர். ஓடத் தொடங்கிய எஞ்சினுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. பின்னர் வந்த பல டீசல் பம்புகளிலோ, மின்சாரம் கிடைக்கும்வரை மட்டுமே எரிபொருளைத் திறந்து வைத்திருக்கும் சோலனாய்ட் என்ற மின்காந்த அடைப்பு பொருத்தப்பட்டது. அன்று விளக்கை மங்கச்செய்த அதே தளர்ந்த இணைப்பு, இன்று வளைவின் நடுவே பாரமேற்றிய வண்டியின் எஞ்சினையே நிறுத்திவிடக்கூடியதாயிற்று.

பழுதைத் தேடும் முறையில் வோல்ட் அளக்கும் மீற்றரும் ஏமாற்றும் என்பதை இங்கு வற்புறுத்த வேண்டும். இலக்க மீற்றர் மிகச் சொற்ப மின்னோட்டத்தையே எடுப்பதால், பல இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய வயரிலும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டும். அதே வயரில் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்தால் அது மங்கி உண்மையைச் சொல்லிவிடும். இரு வயர் முனைகளுடன் கூடிய பழைய சோதனை பல்பைப் பாஸ்மார் கைவிடாமைக்குக் காரணம் பழக்கம் மட்டுமன்று, இந்த அறிவுமாகும். ஜோர்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியின்படி, 200 அம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டர் சுற்றில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் வழியில் இழக்கப்படும். ஆதலால் மீற்றரைச் சரியாகப் பயன்படுத்துவோர், பற்றறியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அதை வைத்து, ஸ்டார்ட்டர் சுழலும்போதே எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்ப்பர். அரை வோல்ட்டைத் தாண்டினால் பற்றறியின் எதிர்முனையை எஞ்சினோடும் உடலோடும் இணைக்கும் எர்த் பட்டியைக் கழற்றிச் சுரண்டுவதே முதல் வேலை. அதிலும் பிடிபடாத பழுதுக்கு, அது தோன்றிய நிலையை மீண்டும் உண்டாக்குவதே வழி: எஞ்சினை ஓடவிட்டு வயர்க் கட்டை ஒவ்வோர் அங்குலமாக அசைத்தும், இணைப்புகளில் நீர் தெளித்தும், எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலான தடுப்புச் சுவரின் துளையில் வயர் உராயும் இடத்தை விரலால் தடவியும் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் பரவலாகத் திறக்கப்பட்டதால், முப்பது, நாற்பது வயதான பிக்கப்புகள் இப்பாதைகளில் இன்னும் உழைக்கின்றன. அல்டர்னேட்டரையும் பற்றறியையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பணத்தை இழக்கும் உரிமையாளர்கள், அவற்றுக்கு முன் எர்த் பட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கராஜில் பாஸ்மார் சொல்லும் வயர் நிறங்களையும் சோதனை முறைகளையும் அவர்களிடம் பழகும் இளைஞர்கள் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.