பாலக்காட்டுக் கணவாய்: காற்றின் ஏற்ற இறக்கமும் மழையும்

பொள்ளாச்சி–பாலக்காடு சாலையில் மாநில எல்லையை ஒட்டிய ஊர் கோபாலபுரம். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. ஆடி மாதத்தில் அரபிக்கடல் காற்று இவ்வழியே சீறிப் பாயும்; மழையோ பெரும்பாலும் சாரலோடு நின்றுவிடும். அதே காற்று தெற்கே ஆனைமலையில் மோதிக் கொட்டித் தீர்க்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது, அது மேலே ஏறியாக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிலப்பரப்பு தென்னிந்தியாவில் அரிது.

சூடேறிய நிலத்தின் மேல் காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடல்காற்று வருவதே பருவக்காற்று என்று 1686-ல் எட்மண்ட் ஹேலி விளக்கினார். 1735-ல் ஜார்ஜ் ஹாட்லி புவிச் சுழற்சியின் பங்கைச் சேர்த்தார். எழும் காற்று மழையாவது எப்படி என்பது 19-ஆம் நூற்றாண்டில்தான் தெளிந்தது. அதில் அமெரிக்கர் ஜேம்ஸ் எஸ்பியின் பங்கு பெரிது. உயரே அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. ஒரு கட்டத்தில் நீராவி துளிகளாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் உயர்த்துகிறது. இறங்கும் காற்றோ அழுந்திச் சூடேறும், மேகம் கரையும்.

இடுக்கியில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியின் அருகே மூணாறில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. அங்கிருந்து 60 கிலோமீட்டரில், மழைமறைவுப் பகுதியான சின்னாறில் 500 மில்லிமீட்டர் அளவே. முட்புதர்க் காடு, நட்சத்திர ஆமைகள். 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், மேற்கு முகத்தில் பெய்த பெருமழை மூணாறைச் சிதைத்து, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையையே அடித்துச் சென்றது.

கோபாலபுரம் வட்டாரத்தில் மலை தூக்காத காற்றைச் சித்திரை வெயில் தூக்குகிறது; மாலையில் இடிமழை. ஐப்பசி மழையும் உண்டு. இவை பயிருக்குப் போதவில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் பிறந்தது இந்தக் குறையிலிருந்துதான். ஆனைமலையில் பெய்து மேற்கே ஓடும் நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பும் இத்திட்டத்துக்கு 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு தடுப்பணை வழியாகச் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழகம் தர வேண்டும். பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் இரு மாநில விவசாயிகளும் இந்தப் பங்குக்காகவே போராடுகிறார்கள்.