டேட்டன் ஊர் வாத்தியாரும் பரிணாமக் கொள்கையும்



என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் எழுந்து நின்றான். "ஐயா, குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று அண்ணன் சொல்கிறான். கடவுள் படைத்தார் என்று பாட்டி சொல்கிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்டான். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. இதைப் பற்றிப் பாடம் நடத்தியதற்காக ஓர் ஆசிரியர் நீதிமன்றம் ஏறிய கதை உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அண்ணன் சொன்னதைத் திருத்திவிடுவோம். இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று சார்ல்ஸ் டார்வின் சொல்லவில்லை. பெரியப்பா பிள்ளைக்குச் சித்தப்பா பிள்ளை பிறப்பதில்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர். அதுபோல் மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் மிகப் பழங்காலத்தில் பொதுவான மூதாதை இருந்தது. 1871ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் கூறுவது இதுதான்.

அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னசி என்றொரு மாநிலம். மனிதன் கீழான விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என 1925ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க ஒரு குடிமை உரிமைச் சங்கம் ஆசிரியர் ஒருவரைத் தேடியது. டேட்டன் என்ற சிற்றூரின் பெரிய மனிதர்கள், வழக்கு நடந்தால் ஊருக்குப் பேர் கிடைக்குமே என்று கணக்குப் போட்டார்கள். ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது வாத்தியார் சம்மதித்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கையிலிருந்த உயிரியல் பாடநூல் மாநில அரசே அங்கீகரித்தது! அந்த நூலில் பரிணாமம் இருந்தது. மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்த பகுதியும் இருந்தது. அந்த இரண்டாவது பகுதி விஞ்ஞானமே அல்ல.

ஜூலை மாதம், கடும் வெயில். சட்டத்தின் பக்கம் மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்ற வில்லியம் பிரையன். வாத்தியார் பக்கம் பேர்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. தெருவில் சிம்பன்ஸிக்கு உடை மாட்டி வேடிக்கை காட்டினார்கள். சிகாகோ வானொலி நிலையம் ஒன்று விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. அமெரிக்காவில் ஒரு வழக்கு அப்படி வானொலியில் வந்தது அதுவே முதல் முறை. கூட்டத்தின் பாரம் தாங்காமல் தளம் இடிந்துவிடுமோ என்று அஞ்சி, ஒருநாள் விசாரணையைப் புல்வெளிக்கே மாற்றினார்கள். அங்கே டாரோ கேள்விமேல் கேள்வி கேட்டபோது, படைப்பின் ஆறு நாள் 24 மணி நேர நாளாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையனே ஒப்புக்கொண்டார்.

தீர்ப்பு: 100 டாலர் அபராதம். 1927ஆம் ஆண்டு மேல்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சட்டம் தவறு என்பதற்காக அல்ல. அபராதத் தொகையை ஜூரிகள் முடிவு செய்யாமல் நீதிபதியே முடிவு செய்துவிட்டாராம்! சட்டம் 1967 வரை உயிரோடு இருந்தது. இடையில் எத்தனை பிள்ளைகள் அந்தப் பாடம் இல்லாமலே பள்ளியை விட்டுப் போனார்களோ! ஒரு வாத்தியாராக எனக்கு உறுத்துவது அபராதம் அல்ல, அதுதான்.

2006ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு 34 நாடுகளை ஒப்பிட்டது. ஐஸ்லாந்து, டென்மார்க், சுவீடன், பிரான்ஸ் நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்குக் குறையாமல் பரிணாமத்தை ஏற்றார்கள். ஜப்பானில் 78 பேர். அமெரிக்காவிலோ சுமார் 40 பேர்தான். அதற்கும் கீழே இருந்தது துருக்கி மட்டுமே. அந்தத் துருக்கி 2017ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து அந்தப் பகுதியை நீக்குவதாக அறிவித்தது.

பக்தி கூடினால் ஏற்பு குறையும் என்று சொல்லிவிடலாமா? ஓரளவு உண்மை. ஆனால் டென்மார்க்கில் இன்றும் பெரும்பாலோர் லுத்தரன் திருச்சபையில் உறுப்பினர்கள். ரோமாபுரியில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவைப் படைப்பது கடவுளே என்று 1950ஆம் ஆண்டிலேயே எழுதினார். அமெரிக்காவில் வேதத்தைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொள்ளும் பழக்கத்தோடு கட்சி அரசியலும் சேர்ந்துகொண்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கும் நிலை மாறிவருகிறது: 2019ஆம் ஆண்டு நூற்றுக்கு 54 பேர் ஏற்றார்கள்.

நம் மண்ணுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. டார்வின் கண்ட உண்மையைத் தனியே கண்டவர் ஆல்ஃபிரெட் வாலஸ். 1854ஆம் ஆண்டு சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் வண்டு பிடித்துத் திரிந்தார்; மலாக்காவுக்கு வந்து குனோங் லேடாங்கில் ஏறினார்; மறு ஆண்டு சரவாக்கில் இருந்து புதிய உயிரினங்களின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புக்கிட் தீமாவில் அவருக்கு இடம் கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்! பிற்காலத்தில் வாலஸ், மனிதனின் உடல் பரிணாமத்தால் வந்தது, அவன் மனத்துக்கு அது மட்டும் போதாது, மேலான ஒரு சக்தி வேண்டும் என்று எழுதினார். டார்வினுக்கு அது பிடிக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அந்த மாணவன், "இதைப் பாட்டியிடம் சொல்லலாமா ஐயா?" என்று கேட்டான். சொல்லச் சொன்னேன். மறுநாள் வந்து, "அந்தப் பாதிரியார் அவருக்குச் சாப்பாடும் போட்டாரா என்று பாட்டி கேட்கச் சொன்னார், ஐயா" என்றான்.